எல்லா ஊருக்கும் ஒரு நகல்

எண்பதுகளின் கடைசியில் துவாக்குடியில் பம்பு உதிரிபாகம் விற்கும் ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்தேன். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் பஸ். எங்கள் மேலாளர் ஒரு தடவை ஜெர்மனி போய் வந்தவர். கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று மட்டும் அங்கே யாரும் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை.

துவாக்குடி, ஸ்ரீரங்கம், எடமலைப்பட்டி புதூர் மூன்று இடத்திலும் எங்களுக்குக் கம்ப்யூட்டர் இருந்தது. டெலிபோன் லைன் வழியாக ஒன்றோடொன்று பேசும். சரக்கு விவரமெல்லாம் துவாக்குடியில். புதூர்க்காரர்கள் ஒரு வாஷர் இருக்கிறதா என்று பார்க்கக்கூட லைனில் காத்துக் கிடந்தார்கள். அதற்காக நான் ஒரு புரோகிராம் எழுதினேன். எந்த விவரத்தை எந்த ஊர் அடிக்கடி கேட்கிறது என்று அது கவனித்து, அங்கே ஒரு நகல் வைக்கும். கேட்பது குறைந்தால் எடுத்துவிடும். அடிக்கடி மாறுகிற விவரத்துக்கு நகல்களைக் குறைக்கும். ஒரு மாற்றம் வந்தால் எல்லா நகலையும் திருத்தியாக வேண்டுமே. நன்றாகவே ஓடியது.

மெட்ராஸிலிருந்து டைரக்டர் வருகிறார் என்றதும் மேலாளருக்குக் கை சும்மா இருக்கவில்லை.

"அது என்னம்மா, ஒரு ஊர்ல இருக்கு, ஒரு ஊர்ல இல்ல? பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? எல்லாத்தையும் எல்லா இடத்துலயும் வெச்சிடுங்க."

"அப்புறம் ஒரு லைன் போனாலும் எல்லாம் நின்னுடும் சார்."

"ஜெர்மனியில லைன் போகாதும்மா."

என் புரோகிராமை நிறுத்திவிட்டு அவர் சொன்னபடி செய்தேன்.

டைரக்டர் வந்த அன்று காலை நல்ல மழை. ஸ்ரீரங்கம் லைன் செத்துக் கிடந்தது. மேலாளர் அதை விசாரிக்கவும் இல்லை. ஒரு பேரிங்கின் இருப்பை மாற்றிவிட்டு, "ஒரே நேரத்துல மூணு ஊர்லயும் மாறும் பாருங்க சார்" என்றார். மூன்று ஊரும் பதில் சொன்னால்தான் மாற்றம் நிறைவேறும்; ஸ்ரீரங்கத்திலிருந்து பதில் வர வழியில்லை. திரை அப்படியே நின்றது. கீபோர்டைத் தட்டினார். மானிட்டரைத் தட்டினார். விட்டால் என்னையும் தட்டியிருப்பார்.

டைரக்டர் பொறுமையாகக் கேட்டார். "இந்த பேரிங் ஸ்ரீரங்கத்துல விக்குதா?"

"இல்லீங்க சார்."

"அப்ப அங்க எதுக்கு?"

"ஒரு கௌரவத்துக்கு சார்."

டைரக்டர் என் பக்கம் திரும்பினார். பழைய புரோகிராமைப் பற்றிச் சொன்னேன். "அதையே போடுங்கம்மா" என்றுவிட்டுப் போனார்.

சில மாதம் கழித்து ஊரிலிருந்த ஒரு காலேஜ் கருத்தரங்கில் மேலாளர் அதே புரோகிராமைத் தன் கண்டுபிடிப்பு என்று விளக்கினார். நான் மூன்றாவது வரிசையில். ஒரு லெக்சரர் எழுந்து, "அடிக்கடி கேக்கற ஊர் மாறிட்டா, நகல் எப்ப இடம் மாறும் சார்?" என்றார். மேலாளர் என்னைப் பார்த்தார்.

"உங்க புரோகிராம் சார், நீங்களே சொல்லுங்க" என்றேன்.

"ஆழமான விஷயம். டீக்கு அப்புறம் பேசலாம்" என்றார். டீக்கு அப்புறம் ஆளையே காணோம், காரில் கிளம்பிவிட்டாராம். பஜ்ஜித் தட்டோடு நின்று அந்த லெக்சரருக்கு நான்தான் பதில் சொன்னேன். அடுத்த ஜூனில் அதே காலேஜில் பாடம் எடுக்கப் போய்விட்டேன். மேலாளருக்குப் பதவி உயர்வு வந்ததாகக் கேள்விப்பட்டபோது சிரிப்புக்கூட வரவில்லை.