சமரச மையத்தில் நான் பேசியது

எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணலாகத்தான் வரும், நடுநடுவே மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்யாணமாகி முப்பத்தெட்டு வருஷம் கழித்து, வீட்டுக்காரரை விட்டுத் தனியாக இருக்க வேண்டுமென்று மனு போட்டேன். அடி உதை என்று ஒன்றும் இல்லை. குழம்பில் உப்பு ஒரு கல் கூடினால் தட்டு வாசலுக்குப் பறக்கும். ஒவ்வொரு வேளையும் அவர் முதல் கவளத்தை விழுங்கும்வரை எனக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும். அது போதும் என்று ஆகிவிட்டது. கும்பகோணம் கோர்ட்டில், முதலில் சமரச மையத்தில் பேசிப் பாருங்கள் என்று அனுப்பினார்கள்.

குடவாசலிலிருந்து அண்ணனோடு பஸ்ஸில் போனேன். சாலையில் பாதிக்கு நெல் காய்ந்ததால் பஸ் ஊர்ந்தது. எனக்கோ இருப்புக் கொள்ளவில்லை.

சமரசம் பேசியவர் ஒரு வக்கீலம்மா. என் மகள் வயதுதான் இருக்கும். வீட்டுக்காரருக்குப் பக்கத்து நாற்காலியை எனக்குக் காட்டினார். நுனியில் உட்கார்ந்தேன்.

"பின்கட்டுல தனியா இருந்துக்கட்டும். எனக்கு சோறு மட்டும் ஆக்கிப் போட்டா போதும்," என்றார் வீட்டுக்காரர்.

"அதுக்கென்ன மாப்ள, தங்கச்சி ஒத்துக்குவா," என்றார் அண்ணன். வக்கீலம்மா எழுதத் தொடங்கிவிட்டார்.

தப்பு என்மேல்தான். அவரோடு நான் முகம் பார்த்துப் பேசியதே கிடையாது. "வெந்நி வச்சாச்சு" என்று மாட்டிடம் சொல்வேன், அவர் குளிக்கப் போவார். பெரிய சங்கதி என்றால் அண்ணன் மூலம் போகும். அன்றும் அப்படியே விட்டிருந்தேன்.

அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். வக்கீலம்மா பார்த்துவிட்டார்.

"ஐயா, நீங்க வெளிய போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

"நான் இல்லாம அவ வாயே தொறக்க மாட்டாம்மா."

"தொறக்கலன்னா கூப்புடுறேன், போங்க."

அண்ணன் போனதும் மேசையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்: "சோறு ஆக்க மாட்டேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க."

"பக்கத்துலதானம்மா இருக்காரு. நீங்களே சொல்லுங்க."

முந்தானையை முறுக்கினேன், அவிழ்த்தேன், மறுபடி முறுக்கினேன். பிறகு அவர் பக்கம் திரும்பினேன். "ஆக்க மாட்டேங்க. ஒரு வேளைகூட."

"இவளுக்கு வாய் இருக்குன்னே இன்னிக்குத்தாங்க தெரியுது," என்று வக்கீலம்மாவிடம் சிரித்தார். வக்கீலம்மா சிரிக்கவில்லை. எழுதியதை அடித்தார்.

அப்புறம் வீட்டுக்காரரின் குரல் இறங்கிவிட்டது. "அப்ப நான் எங்க போயி சாப்புடுறது?"

சரி, ஆக்கிப் போடுகிறேன் என்று தொண்டைவரை வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவருக்குத் தெருமுனை மெஸ்ஸில் சாப்பாடு, பின்கட்டு எனக்கு, நடுக்கதவு சாத்தியே இருக்கும் என்று முடிவானது. கையெழுத்துப் போட்டேன்.

இப்போது பின்கட்டில்தான் இருக்கிறேன். அந்தப் பக்கம் அவர் இருமினால்கூட எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறேன். எதற்கு வந்தோம் என்று நின்றுவிட்டுத் திரும்புகிறேன். நாளைக்கு ஆசாரி வந்து நடுக்கதவுக்குத் தாழ்ப்பாள் வைக்கிறார். தாழ்ப்பாள் என் பக்கம் என்று அன்றைக்கு மையத்தில் நான் சொன்னதாகத்தான் ஞாபகம். தன் பக்கம் என்று அவர் ஆசாரியிடம் சொல்லியிருக்கிறார். கையெழுத்துப் போட்ட காகிதம் அண்ணனிடம் இருக்கிறது. என் மகள் அதை வாங்கிப் படித்து, எந்தப் பக்கம் என்று போட்டிருக்கிறதெனப் பார்த்துச் சொல்ல வேண்டும். இங்கே நான் எழுதியதில் பிசகு இருந்தால் அதையும் திருத்திவிடட்டும். ஆசாரி காலையிலேயே வந்துவிடுவார்.