என் டாக்டர்களைப் பேசவைத்த முருகன்

இதை எழுதவே வேண்டாம் என்றுதான் இருந்தேன். எட்டாவதோடு நின்றவன் எழுதி எந்த பக்தர் படிக்கப்போகிறார்? ஆனால் சொல்லாமல் விட்டால் வடபழனி முருகன் கனவில் வந்து காதைத் திருகுவார். அதனால் எழுதுகிறேன்.

தி.நகரில் போனுக்குக் கண்ணாடி ஒட்டும் கடை வைத்திருக்கிறேன். முடக்குவாதம் வந்து விரல்கள் வாழைப்பழம் மாதிரி வீங்கின. எந்த மருந்துக்கும் அடங்கவில்லை. ஸ்டீராய்டுக்கு மட்டும் கொஞ்சம் பயந்தது. அது சர்க்கரையை ஏற்றிவிட்டது. அந்த லட்சணத்தில் ஆடிக் கிருத்திகைக்கு வெறுங்காலில் வடபழனிக்கு நடந்தேன். குதிகாலில் புண். ஆறவே இல்லை.

மூட்டு டாக்டரம்மா, புது ஊசி ஒன்று இருக்கிறது என்றார். ஆனால் அது உடம்பின் எதிர்ப்பு சக்தியைக் குறைக்குமாம், புண் ஆறினால்தான் போடுவாராம். சர்க்கரை இறங்கினால்தான் புண் ஆறும். அதற்கு ஸ்டீராய்டைக் குறை என்றார் மயிலாப்பூர் சர்க்கரை டாக்டர். ஊசி போடாமல் குறைக்கவே கூடாது என்றார் மூட்டு டாக்டரம்மா. நடுவில் நான், பந்து மாதிரி. என் சட்டைப் பொத்தானை அம்மா போட்டுவிட்டாள், இந்த வயதில். அன்றைக்கு அழுதேன். கடையை மூடிவிடலாம் என்றே நினைத்தேன்.

சன்னதியில் நின்று கேட்டேன். "முருகா, ரெண்டு பொண்டாட்டிய சமாளிக்கிறியே, என் ரெண்டு டாக்டரையும் பேச வெச்சா இன்னா?"

அடுத்த வாரம் சர்க்கரை டாக்டர் புண்ணைப் பார்த்து முறைத்தார்.

"யாருப்பா உன் மூட்டு டாக்டர்?"

பெயரைச் சொன்னேன்.

"அட, அவளா! என்கூடப் படிச்சவ."

உடனே போன் போட்டார். பாதி நேரம் ஹாஸ்டல் சாம்பாரைத் திட்டினார்கள். நான் குறுக்கே புகுந்தேன்.

"சார், அந்த சாம்பார வுட்டு என் காலுக்கு வா சார்."

சிரித்துவிட்டார். அப்புறம் இருவரும் முடிவு செய்தார்கள். ஸ்டீராய்டு இப்போதைக்கு இருக்கட்டும், சர்க்கரைக்கு இன்சுலின், புண்ணுக்குத் தினமும் கட்டு.

தைப்பூசத்துக்குள் புண் மூடியது. ஊசியும் போட்டார்கள். நோய் ஓடிவிடவில்லை, வாலைச் சுருட்டிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறது. ஸ்டீராய்டும் குறைந்துகொண்டே வருகிறது. என் சட்டைக்கு நானே பொத்தான் போடுகிறேன். குமிழி இல்லாமல் கண்ணாடி ஒட்டுகிறேன். விபூதியும் இன்சுலினும் ஒருநாளும் தவறுவதில்லை. நீங்களும் முருகனிடம் உரிமையோடு கேளுங்கள், வழி விடுவார். மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

இதை முதலில் ஆட்டோ ஓட்டும் நண்பன் குமாருக்கு அனுப்பினேன். அவன் பதில்:

"முருகனே மயில் மேல குந்திக்கினுதான் போறாரு, நீ இன்னாத்துக்கு மச்சி நடந்துக்கினு கீற, அடுத்த கிருத்திகைக்கு ஆட்டோ எடுத்தாரேன் இரு."