பாண்டித்துரை எடுத்த கை

இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. சிரிக்கட்டும். அந்த மெத்தையின் மேல் கை வைத்தது அவர்கள் இல்லை, நான்.

1994, ஆகஸ்ட் மாதம். துபாய்க்கு அந்தப் பக்கம் புஜைரா, எங்கள் கம்பெனி கேம்ப். நைட் டியூட்டி முடிந்து பகலில் ரூமில் படுத்திருந்தேன். மதியம் இரண்டரை இருக்கும். பிக்கப் ஓட்டும் பாண்டித்துரை உள்ளே வந்தான். சட்டையெல்லாம் ரத்தம்.

"அடிபட்டுச்சா?"

"எனக்கில்லண்ணே. மலை ரோட்டுல ஒரு பாகிஸ்தானி. கார் கவுந்து கிடந்துச்சு. தொடையில ரத்தம் கொப்புளிக்குது. துண்டை வச்சு அமுக்குனேன்... நின்னுச்சு. அப்புறம் பயம் வந்துருச்சு. நான்தான் இடிச்சேன்னு போலீஸ் உள்ள வச்சிருவான்ல? கையை எடுத்துட்டு வந்துட்டேன்."

கம்பெனியில் முதலுதவி டிரெய்னிங் எடுத்தவன் அவன். ஒருமுறை கை வைத்தால், அடுத்த ஆள் வந்து பொறுப்பேற்கும்வரை எடுக்கக்கூடாது என்று எங்களுக்கெல்லாம் சொன்னவனும் அவன்தான்.

பக்கத்துக் கடைக்கு ஓடிப்போய்ப் போலீஸுக்கு ஃபோன் செய்தேன். இடத்தைச் சொன்னேன். பெயர் கேட்டார்கள். வைத்துவிட்டேன்.

திரும்பி வந்தால்... பாண்டித்துரை கட்டிலில் மண்டியிட்டு, வலது கையால் மெத்தையை அழுத்திக்கொண்டிருந்தான்.

"கை வர மாட்டேங்குதுண்ணே."

இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. ஐஸ் மாதிரி ஜில்லிட்டிருந்தது.

"அடியில துடிக்குது..."

அவன் விரல்களுக்குப் பக்கத்தில் கை வைத்தேன்.

வெறும் பஞ்சு மெத்தை. சூடாக இருந்தது.

டக்... டக்... டக்...

நாடி.

சுவரோரம் யாரோ முனகினார்கள். ரூமில் நாங்கள் இரண்டு பேர்தான்.

"பானி..." தண்ணீர் கேட்டது அந்தக் குரல்.

வெடுக்கென்று கையை எடுத்தேன். அவன் அழுதுகொண்டே அமுக்கினான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டது.

அவன் கை தானாக விடுபட்டது.

ஒரு வாரம் அவன் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் மனசு கேட்காமல் ஆஸ்பத்திரியில் விசாரித்தோம். அந்த ஆள் பிழைத்திருந்தார். வார்டுக்கு நானும் கூடப் போனேன்.

பாண்டித்துரை கட்டிலருகே நின்று கைகூப்பினான். "மாஃப் கரோ பாய். அன்னைக்குத் துண்டை வச்சு அமுக்குனது நான்தான். பாதியில விட்டுட்டு ஓடிட்டேன்." தெரிந்த இந்தியில் திக்கித் திணறிச் சொன்னான்.

அவர் குழப்பமாகப் பார்த்தார். அந்த வலது கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கே ஓடினாய்? ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் பிடித்திருந்தாயே. எத்தனை தடவை கூப்பிட்டேன்... ஏன் கடைசிவரை முகத்தைத் திருப்பவே இல்லை?"