எறும்பு வைத்தியம்

சின்னமனூரில் லேப்டாப் பழுதுபார்க்கும் மெர்லின், உள்ளே என்ன கொட்டியது என்று யாரிடமும் கேட்பதில்லை. கேட்டால் அத்தனை பேரும் தண்ணீர் என்றே சத்தியம் செய்வார்கள். அதனால் பேட்டரியைக் கழற்றிவிட்டு, லேப்டாப்பை எறும்பு ஊரும் சுவரோரம் வைத்துக் காத்திருப்பாள். எறும்புக்குப் பொய் சொல்லத் தெரியாது என்பது அவள் கட்சி.

ஏலக்காய் வியாபாரி தவமணி, மனைவி சந்தனம்மாளோடு வந்தார். "பச்சத் தண்ணிதாம்மா" என்றார்.

சற்று நேரத்தில் கீபோர்டுக்குள் எறும்புகள் சாரைசாரையாக நுழைந்தன.

"டீண்ணே. அதுவும் சீனி தூக்கலா" என்றாள் மெர்லின்.

சந்தனம்மாள் கணவரை முறைத்தாள். "டாக்டர் சீனியக் கண்ணால பாக்கக் கூடாதுன்னுல சொன்னாக!"

மெர்லின் ஸ்குரூடிரைவரை எடுத்தாள். "லேப்டாப் பொழைச்சிரும்க்கா. அண்ணனுக்குத்தான் என்னால கேரண்டி குடுக்க முடியாது."