சுமியேவின் அண்டா மூடி

எங்கள் மலையடிவாரத்தில் டோஃபு என்னும் சோயாக்கட்டி விற்கும் இவாவோவுக்கு இரண்டு பிடிவாதங்கள். ஒன்று, தோட்டத்துச் சீமைப் பனிச்சைப் பழமரத்தை வெட்டக் கூடாது. மற்றது, டிவி தெளிவாகத் தெரிய வேண்டும். டிஜிட்டல் ஒளிபரப்பு வந்ததிலிருந்து இரண்டும் ஒத்துப்போகவில்லை. சிக்னல் வரும் வழியை மரம் அடைத்துக்கொண்டு நின்றது. படம் கட்டம் கட்டமாக உடைந்து உறைந்துவிடும்.

ஏரியல் மாட்ட வந்தவர் மரத்தைக் காட்டினார். இவாவோ அவரைத் துரத்தியடித்தார். "உன் கம்பி பழம் காய்க்குமாய்யா?"

பிறகு அவரே வழி கண்டுபிடித்தார். ஜன்னலோரம் ஏரியல், அதன் பின்னால் டோஃபு அண்டாவின் மூடி, மூடியைப் பிடித்தபடி டிவிக்கு முதுகு காட்டி ஜன்னலைப் பார்த்து நிற்க மனைவி சுமியே. அவள் இம்மி அசைந்தாலும் "ஏய், கட்டம் விழுது!" என்று கத்துவார். இந்த மனுஷனைத் திட்டித் திட்டிப் பக்கத்து வீட்டுக்காரனான எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

அந்த சுமியே, ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் போட்டிக்குத் தேர்வாகிவிட்டாள். நேரடி ஒளிபரப்பு. மணி ஒரு தடவை அடித்தால் தோல்வி, இரண்டு அடித்தால் மயிரிழையில் போச்சு, கடகடவென்று அடித்தால் வெற்றி. அவள் பாடுவதைப் பார்த்தே தீரவேண்டும் என்று இவாவோ துடித்தார். ஆனால் மூடியை யார் பிடிப்பது? எனக்கோ முட்டிவலி. சோளக்கொல்லைப் பொம்மைக்கு அவளுடைய ஏப்ரனை மாட்டி நிறுத்திப் பார்த்தார். டிவி மசியவில்லை. கடைசியில் அவரே போய் நின்றார். டிவி முன்னால் நான் உட்கார்ந்தேன். படம் பளிச்சென்று வந்தது!

"யோவ், என்ன பண்றா?"

"மைக்கைப் பிடிச்சிருக்காங்க."

"எந்தக் கிமோனோ?"

"நீலம். அசையாதீங்க!"

சுமியே பாடினாள். இப்படி ஒரு குரல் பக்கத்து வீட்டில் இருந்தது எனக்கே தெரியாது. மணி அடித்தது. ஒன்று. இரண்டு. ஆவல் தாங்காமல் அவர் திரும்பினார். சுமியேவின் முகம் கட்டங்களாக உறைந்தது, சத்தமும் போயிற்று.

சாயங்காலம் அவள் வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "மணி எத்தனை அடிச்சுது?"

"ஏன், பார்க்கலையா நீங்க?"

"மூடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மலையைத்தான் பார்த்தேன்."

"அப்படியா?" என்றாள், செருப்பைக் கழற்றியபடி. "நல்லாத் தெரியுதுல்ல? நான் வருஷக்கணக்கா பார்க்கிற மலை."

"மணி?" என்றார் அவர் மறுபடியும்.

"மரத்தை வெட்டுங்க, மணியைச் சொல்றேன்."

எனக்கு அவள் ஊற்றிக் கொடுத்த டீ ஆறுவதற்குள் தோட்டத்தில் ரம்பச் சத்தம் கேட்டது.