கையை வீசிக்கொண்டு டெண்டருக்குப் போனேன்

யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரிக் கணக்குப் பகுதியின் கிளார்க் மிஸ். மீன் வியாபாரி தியாகு முதலாளி. மடியில் லேப்டொப்புடன் அவருடைய கணக்கப்பிள்ளை. கிண்ணியாவிலிருந்து ஹனிபா நானா, கையில் நீளமான ஒரு கவர். பிறகு சல்லியிலிருந்து நான், கையில் ஒன்றும் இல்லாமல்.

ஐந்து பேர். வராதது ஒன்றுதான் — டெண்டர் பெட்டி. அது இருந்த சுவரில் நான்கு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன.

நடந்து மூன்று கிழமை ஆகிறது. நோயாளிகளுக்கு ஒரு வருடம் மீன் கொடுக்கிற டெண்டர். பகல் இரண்டு மணிக்கு முடிவு. இந்த முறை எல்லாம் ஒன்லைன். கவர் இல்லை, அரக்கு இல்லை. போனிலோ கணினியிலோ விலையைப் போட வேண்டும். யார் போட்டார்கள், எவ்வளவு போட்டார்கள்... இரண்டு மணி வரை கிளார்க் மிஸ்ஸுக்கும் தெரியாது.

அப்படியென்றால் நாங்கள் ஏன் அங்கே போய் இருந்தோம்? பழக்கம். வேறென்ன?

தியாகு முதலாளியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஆனால் அவருடைய வழி ஊருக்கே தெரியும். சட்டையில் இரண்டு பை. இடது பைக் கவரில் கூடின விலை. வலது பைக் கவரில் குறைந்த விலை. காலையிலேயே வந்து பெட்டிக்கு எதிரே கதிரை போட்டு இருப்பார். வருகிறவர்களுக்குப் பிளேன்டீ எடுத்துக் கொடுப்பார். யாரும் கவருடன் வராவிட்டால் இடது கவர் விழும். வந்தால் வலது.

மூன்று வருடம் கவருடன் போனேன். மூன்று வருடமும் பிளேன்டீ குடித்தேன். மூன்று வருடமும் வலது கவர் விழுந்தது.

அவர் ஆஸ்பத்திரிக்குக் கொடுப்பது யாருடைய மீன்? எங்களுடையது. சல்லியில் ஏழு வள்ளக்காரர் ஒரு சங்கமாக இருக்கிறோம். அவருடைய லொறி வரும். அவர் சொன்ன விலைக்கு ஏற்றிக்கொண்டு போகும். டெண்டரில் அவர் விலை குறைத்தால் அந்தக் குறைவையும் எங்களுக்குத் தருகிற காசில்தான் கழிப்பார்.

டெண்டர் எங்களுக்குக் கிடைத்தால் ஏழு வீட்டுக்கும் ஒரு வருடம் நிலையான விலை. கிடைக்காவிட்டால்? போன வருடம் நான் கவர் போட்ட கோபத்தில் எட்டு நாள் லொறி வரவில்லை. பிடித்த மீனெல்லாம் கருவாடாகியது.

இந்த முறையும் போட்டேன். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு வரை. மெதுவாகத்தான் தட்டுவேன். அதனால் முந்தின நாள் காலையிலேயே தொடங்கினேன். எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது. கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தில் ஏறி இருந்தால் வரும். நானும் என் வீட்டுக்காரரும் ஏறி இருந்தோம். போனுக்கு ஒரு இலக்கம் வரும், அதைக் கெதியாகப் போட வேண்டும்.

"இஞ்சருங்கோ, இலக்கம் வந்திட்டுது! வாசியுங்கோ!"

"பொறு. கண்ணாடி எங்க?"

"உங்கட தலையில கிடக்கு!"

அதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இப்படி நான்கு முறை. ஐந்தாவது முறை பச்சை எழுத்தில் வந்தது: கிடைத்தது.

"இவ்வளவுதானோ?" என்றார் இவர்.

"ஓம், இவ்வளவுதான்."

போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஒருத்தரும் தேத்தண்ணி தரேல்லையே" என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதலாளி அதே இடத்தில், அதே கதிரையில்.

"என்ன தங்கச்சி, கையை வீசிக்கொண்டு வாறீங்கள்? கவர் இல்லையோ?"

"கவர் ஒண்டும் கொண்டரேல்லை அண்ணன்."

பொய் சொல்லவில்லையே!

"கவலைப்படாதேங்கோ. கம்பியூட்டர் வந்தா எங்கட சனத்துக்குக் கஷ்டம்தான்" என்று ஆறுதல் சொன்னார். பிளேன்டீ வந்தது.

ஹனிபா நானா சுவரைத் தடவிப் பார்த்தார். "மிஸ், பெட்டி எங்க?"

"பெட்டியைக் கழட்டியாச்சு நானா. இப்ப எல்லாம் ஒன்லைன்."

"அப்ப இத எங்க போடுற?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மணிக்கூட்டைப் பார்த்தார். இரண்டு மணிக்கு இன்னும் ஐந்து நிமிடம். கணக்கப்பிள்ளையிடம் குனிந்து சொன்னார். "தம்பி, இடது பையைப் போடும்."

கணக்கப்பிள்ளை தட்டினார். என் தேத்தண்ணி நல்ல சூடு. ஒரே மடக்கில் குடித்தேன்.

இரண்டு மணி. கிளார்க் மிஸ் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். குறைந்த விலை மேலே, கூடினது கீழே.

முதல் வரியில் எங்கள் சங்கத்தின் பெயர்.

முதலாளியின் பெயர் ஒன்பதாவது வரியில். அவர் மேலிருந்து கீழே பார்த்தார். கீழிருந்து மேலே பார்த்தார்.

"தங்கச்சி... நீங்கள் கையை வீசிக்கொண்டெல்லோ வந்தனீங்கள்?"

"ஓம் அண்ணன். நேற்றே போட்டிட்டன்."

நான்காவது வரியில் ஹனிபா நானா. "நானா! உங்கட கவர் கையில கிடக்கு, பேர் எப்பிடி அங்க போச்சு?" என்றார் முதலாளி.

நானா கவரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒன்றும் இல்லை.

"விடியவே மகள் போட்டுட்டா முதலாளி. வெறுங்கையோட வந்தா எனக்கு டெண்டர் மாதிரியே இல்ல."

கணக்கப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடினார். பிறகு முதலாளியும் சிரித்தார். சிரிக்காமல் என்ன செய்வது?

அந்தப் பெட்டிக்கு நல்ல பூட்டு இருந்தது. பெட்டிக்குப் போகிற வழிக்குத்தான் பூட்டு இருக்கவில்லை; யார் கவருடன் போனாலும் அந்தக் கதிரையிலிருந்து தெரியும். இது விளங்க எனக்கு மூன்று வருடமும் மூன்று பிளேன்டீயும் தேவைப்பட்டன.

விலை குறைந்தால் மட்டும் போதாது, குழு இருந்து சரிபார்க்க வேண்டும் என்றார்கள். மூன்று கிழமை பொறுத்தோம். லொறி வரவில்லை. திரும்பவும் கருவாடு போட்டோம். நேற்றுக் கடிதம் வந்தது, அதுவும் போனுக்கு. டெண்டர் எங்களுக்கு! இவர் வள்ளத்தில் ஏறி நின்று சத்தமாக வாசித்தார். கண்ணாடி தலையில்தான் இருந்தது. ஏழு வீடும் கரைக்கு வந்துவிட்டது. நான் அதிகம் சந்தோஷப்படுகிற ஆள் இல்லை. நேற்று இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன்.

ஆனால் இன்னும் என் கண்ணுக்குள் நிற்பது அந்தத் திரைதான். பெட்டி இருந்த காலத்தில் மீன் டெண்டருக்கு நாலு கவருக்கு மேல் விழுந்ததில்லை. அன்று சம்பூரிலிருந்து ஒரு பெயர். கட்டைபறிச்சானிலிருந்து இரண்டு. அந்த வாசலை ஒரு நாளும் மிதிக்காதவர்கள். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கச் சொன்னார் ஹனிபா நானா. விரல் வைத்து எண்ணினேன். நம்பாமல் இன்னொரு முறை எண்ணினேன்.

பதினொன்று.