ஓவியக் கூடத்தில் ஒரு பேச்சுப் போட்டி

என் கணவருக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, வெட்கம். கிள்ளானில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். எங்கள் தாமான் குடியிருப்பு முழுக்க என்னிடம் படித்தவர்கள்தான். பேச்சுப் போட்டி என்றால் எங்கள் பள்ளிக்குத்தான் முதல் பரிசு. அதற்குப் பிள்ளைகளைத் தயார் செய்கிற டீச்சர் நான்தான். அப்படிப்பட்டவளின் புருஷன் கோயிலில் எவருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டு வந்து நின்றால் ஊர் சும்மா இருக்குமா? "அவருக்கு முட்டி வலி, வெளியே வர்றதில்ல" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தேன். துறைமுகத்தில் அத்தனை உயரத்தில் ஏறி உட்கார்ந்து கிரேன் ஓட்டிய மனிதருக்கு முட்டி வலி என்றால் ஊரும் நம்பியது.

எங்கள் மகள்தான் கோலாலம்பூரில் இருக்கும் அந்த ஓவியக் கூடத்தைப் பற்றிச் சொன்னாள். மறதி நோய் உள்ளவர்களையும் அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களையும் மாதம் ஒரு முறை கூப்பிடுகிறார்களாம். ஓர் ஓவியத்தின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பேசவிடுவார்களாம். நான் உடனே சரி என்றேன். ஓவியத்தின் மேல் ஆசை ஒன்றும் இல்லை. கிள்ளான்காரர் யாரும் அங்கே வரமாட்டார்கள், அதுதான் காரணம்.

முதல் முறை போனபோது அந்த நிகழ்ச்சியை நடத்துகிற மலாய்க்கார அம்மா எல்லாரிடமும் சொன்னார்: இங்கே சரி, தப்பு என்று எதுவும் இல்லை, கண்ணுக்குப் பட்டதைச் சொல்லுங்கள், போதும். நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். வெற்றி தோல்வி முக்கியமில்லை என்று பரிசளிப்பு விழாவில் எந்தத் தலைமையாசிரியர்தான் சொல்லவில்லை? அதை எந்த டீச்சர் நம்பினாள்?

படகுகள் நிறைந்த ஓர் ஓவியத்தைக் காட்டினார்கள். எங்களுக்குப் பக்கத்தில் இருந்த சீனப் பெரியவர் தன் அப்பாவின் படகைப் பற்றி அழகாகப் பேசினார். எல்லாரும் உருகிப்போனார்கள். அடுத்து என் கணவரின் முறை. வாழ்நாளெல்லாம் கப்பலோடு கிடந்தவர், நாலு வார்த்தை சொல்லமாட்டாரா என்று பார்த்தேன். அவர் அந்த அம்மாவைப் பார்த்து மலாயில், "சாப்பாடு எப்ப?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அது அன்பான சிரிப்புத்தான், இப்போது தெரிகிறது. அன்றைக்கு எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அடுத்த மாதம் காட்டப்போகும் ஓவியத்தை அந்த அம்மா முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பினார், வீட்டில் நிதானமாகப் பார்க்கலாம் என்று. எனக்கு வினாத்தாளே கைக்கு வந்த மாதிரி இருந்தது.

படத்தில் ஒரு பெண் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் இரண்டு கையும் கோத்தபடி இருக்கின்றன. பக்கத்தில் ஒரு காலிக் கூடை. பெரிதாகப் பிரிண்ட் எடுத்துச் சாப்பாட்டு மேசைக்கு எதிர்ச் சுவரில் ஒட்டினேன். பதிலும் நானே தயாரித்தேன். "இந்தப் பெண் பாசாரிலிருந்து திரும்பி வந்திருக்கிறாள். கொண்டுபோன காய்கறி எல்லாம் விற்றுவிட்டது. உழைப்பின் களைப்பும் நிறைவும் அவள் முகத்தில் தெரிகின்றன." இவ்வளவுதான். இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகூட ஒரே நாளில் மனப்பாடம் செய்துவிடும்.

தினமும் காலையில் பசியாறியதும் பாடம். "எங்க, சொல்லுங்க பாப்போம். இந்தப் பெண்..." என்று நான் எடுத்துக் கொடுப்பேன். அவர் "இந்தப் பெண்" என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்ப்பார். "என்னை ஏங்க பாக்குறீங்க? படத்தைப் பாருங்க!" என்று கத்துவேன். அடிக்கோலால் மேசையைத் தட்டுவேன். மேசையைத்தான்.

முன்பெல்லாம் சனிக்கிழமைகளில் பேச்சுப் போட்டிப் பிள்ளைகள் இதே மேசையைச் சுற்றி நின்று பயிற்சி எடுப்பார்கள். அவர்களுக்கு மைலோ கலக்கிக் கொடுப்பது அவர் வேலை. பாடம் வராமல் அழுகிற பிள்ளையை அடுப்படிக்குக் கூட்டிப்போய் பிஸ்கட் கொடுப்பார். "நீங்க கொடுக்குற செல்லத்துலதான் இதுங்க உருப்படாம போகுது" என்று நான் முறைப்பேன். அவருக்குப் பாடம் வராதபோது அடுப்படிக்குக் கூட்டிப்போக வீட்டில் யாரும் இல்லை.

அந்த நாள் வந்தது. அவருக்கு இஸ்திரி போட்ட சட்டை, எனக்குப் பட்டுக்கரைச் சேலை. கொமுட்டர் ரயிலில் வழியெல்லாம் அவர் காதில் ஓதிக்கொண்டே வந்தேன். ஓவியத்துக்கு முன்னால் உட்கார்ந்ததும் அந்த அம்மா, "யார் தொடங்குறீங்க?" என்று கேட்டார். நான் என் கணவரின் முழங்கையைத் தட்டினேன். அவர் விருட்டென்று எழுந்தார். இரண்டு கையையும் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, கணீரென்ற தமிழில் ஆரம்பித்தார்.

"மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, நீதி வழுவா நீதிபதிகளே, மணிக்காப்பாளர் அவர்களே!"

நான் சொல்லித் தந்த மூன்று வரியில் ஒன்றுகூட நிற்கவில்லை. சனிக்கிழமை தவறாமல் பிள்ளைகள் சொல்ல, அடுப்படியிலிருந்து அவர் கேட்ட வணக்கம் மட்டும் பிசகாமல் வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். போட்டி மண்டபத்தில் கடைசி வரிசையில் இருந்து செய்வதுபோல நான் வாயை மட்டும் அசைத்தேன்: இந்தப் பெண், பாசாரிலிருந்து. அவர் மெல்லத் தன் கையை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அந்த அம்மா எழுந்து வந்து அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். தானும் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து மலாயில் கேட்டார். "அங்கிள், இந்தப் பொண்ணு மனசுல இப்ப என்ன இருக்கு?"

அப்போதுதான் அவர் ஓவியத்தைப் பார்த்தார். எங்கள் வீட்டுச் சுவரில் அது ஒட்டியிருந்த நாளெல்லாம் அவர் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது நிதானமாக, அவள் மடியில் கோத்திருந்த கைகளைப் பார்த்தார். பிறகு தமிழில் சொன்னார்.

"பயந்துபோய் இருக்கு, பாவம். பாடம் வரல. டீச்சர் அடிப்பாங்க."

மேசையைத்தான் தட்டினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். மேசையை மட்டும் இல்லை. ஒரு காலையில் அவருடைய புறங்கையிலும் ஒன்று வைத்தேன். லேசாகத்தான். லேசாக என்று சொல்லிக்கொள்ளவும் கூசுகிறது.

அங்கே எங்களைத் தவிர வேறு யாருக்கும் தமிழ் தெரியாது. "அங்கிள் என்ன சொன்னாங்க?" என்று அந்த அம்மா ஆவலோடு என்னைக் கேட்டார். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள், அந்தச் சீனப் பெரியவரும்கூட. "அந்தப் பொண்ணு தன் அம்மாவுக்காகக் காத்துக்கிட்டு இருக்காளாம்" என்றேன், மலாயில். கொஞ்சமும் தடுமாறாமல் வந்தது. எல்லாரும் "ஆ..." என்றார்கள். யாரோ கைதட்ட, மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். எதற்கென்று தெரியாமல் என் கணவரும் தட்டினார். நான் ஆசைப்பட்ட முதல் பரிசு கிடைத்துவிட்டது. அந்த இடத்திலேயே பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

திரும்பும் வழியில் பிரிக்ஃபீல்ட்ஸில் இறங்கி அவருக்குப் பிடித்த உளுந்து வடை வாங்கினேன். அதைத் தவிர என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. கிள்ளான் ரயிலுக்காக பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் பொட்டலத்தைப் பிரிக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கி என் பக்கம் திரும்பினார்.

"டீச்சர், நான் வீட்டுக்குப் போலாமா?"

என்னை "ஏம்மா" என்று மட்டுமே கூப்பிட்டுப் பழகியவர் அவர். "போலாம்" என்றேன்.

"வீட்ல சம்சாரம் இருக்கு. அதுகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர்."

"எதை?"

"எனக்குப் பாடம் வரலன்னு. அதுக்கு வெக்கமாப் போயிடும்."

ரயில் வருவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். "சொல்லமாட்டேன்" என்றேன். அவர் நம்பினார். முகம் தெளிந்து பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு வடையை எடுத்து, டீச்சருக்குக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.